அந்தத் துருப்பிடித்த பின்னை நான் பிடுங்கியிருக்கக் கூடாது

வீட்டுப் பரணில் பழைய பிளாஸ்டிக் விமானக் கிட் (பாகங்களை ஒட்டிப் பொம்மை விமானம் செய்வது) ஏதாவது கிடந்து, அதை ஆன்லைனில் விற்கலாம் என்ற எண்ணமும் உங்களுக்கு இருந்தால், இதைப் படித்துவிட்டு விற்கப் போங்கள். நான் இரண்டு பேரிடம் ஏமாந்தேன். முதல் ஆள் என்னிடமிருந்து ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆனால் இரண்டாவது ஆளுக்கு வழி திறந்துவிட்டவர் அவர்தான்.

அப்பா தூத்துக்குடிக்காரர். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. 1950களின் நடுவில் இங்கிலாந்தில் கப்பல் நின்றபோது, வுல்வொர்த் கடையில் சித்தப்பாவுக்காக ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் கிட் ஒன்று, ஸ்பிட்ஃபயர் போர்விமானம், வாங்கி வந்தார். பெட்டியெல்லாம் கிடையாது. ஒரு பாலிதீன் பை, அதன் வாயில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்த அச்சிட்ட அட்டை, அவ்வளவுதான். இதை ஒட்டத் தனிப் பசை வேண்டும், ஊரில் அது கிடைக்கவில்லை. அடுத்த பயணத்தில் வாங்கி வருகிறேன் என்று அப்பா சொன்னாராம். அடுத்த பயணம் ஜப்பான் பக்கம் போனது. அதற்குள் சித்தப்பா கிரிக்கெட் பக்கம் போய்விட்டார். பை அப்படியே டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

அப்பா போன பிறகு வீட்டைக் காலி செய்யும்போது அக்கா அதை எடுத்து நீட்டினாள். உப்புக் காற்றில் பின்கள் இரண்டும் துருப்பிடித்து, அட்டையில் செம்பழுப்பாக இரண்டு கறை. பை மங்கிப்போயிருந்தது. உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது.

முதலில் உள்ளூர் விளம்பரத் தளம் ஒன்றில் போட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு 'ராணுவ அதிகாரி' பேசினார். பேரம் பேசவே இல்லை, சொன்ன விலைக்குச் சரி என்றார். பணம் அனுப்ப ஒரு க்யூ.ஆர். படம் அனுப்பினார், ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொன்னார். நமக்குப் பணம் வருவதற்கு நாம் பின் நம்பர் போடவே தேவையில்லை, போட்டால் நம் பணம்தான் போகும். இது தெரிந்திருந்ததால் தப்பித்தேன். (யாராவது மாட்டிக்கொண்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.) இதில் தப்பித்ததும் எனக்கு நான் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வந்துவிட்டது. அதுதான் வினை.

மறுநாள் பேசியவர் மிக மரியாதையானவர். பழைய பொம்மைகள் சேகரிக்கிறாராம், சென்னையிலேயே இருக்கிறாராம். "விலையை நான் பார்த்துச் சொல்றேன் சார், மத்தவங்ககிட்ட ஏமாந்துடாதீங்க" என்றார். பத்து நிமிடம் ஏர்ஃபிக்ஸ் கதையெல்லாம் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "உள்ள எத்தனை பீஸ் இருக்குன்னு தெரியாம நான் எப்படி சார் விலை சொல்றது? திறந்து, எல்லாத்தையும் பரப்பி ஒரு போட்டோ அனுப்புங்களேன்."

நியாயமாகத்தான் பட்டது. வெட்டுக்கத்தி நுனியை விட்டு நெம்பி இரண்டு பின்களையும் கழற்றினேன். பாகங்களைச் செய்தித்தாளில் பரப்பிப் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "ஐயோ, திறந்துட்டீங்களா? சீல் போயிடுச்சே சார். இனிமே 3,000 ரூபாய்க்கு மேல போகாது. நானே எடுத்துக்கறேன்."

திறக்கச் சொன்னவரே நீங்கள்தானே என்று கேட்டேன். "நான் மெதுவா, பை கிழியாம பாக்கச் சொன்னேன்" என்றார். பிறகுதான் உறைத்தது, அது பாலிதீன் பை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வெளியிலிருந்தே பாகங்களை எண்ணிவிடலாம். திறக்க வேண்டிய அவசியமே இல்லை. விலை சொல்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால் அவர் சொல்வது விலை அல்ல, பேரம். இந்தச் சின்ன விஷயம் எனக்கு ஐம்பத்தெட்டு வயதில்தான் புரிந்தது.

கோபத்தில் அவருக்குக் கொடுக்க மாட்டேன் என்று வைத்துவிட்டேன். அக்கா மகன், "மாமா, வெளிநாட்டு ஏலத் தளத்துல போடலாம், அங்கதான் இதுக்கு ஆள் இருக்கு" என்றான். போட்டோம். இங்கே நான் செய்த தவறு, விலையை வைத்த விதம். தளத்தில் பலர் கேட்டிருந்த விலைகளைப் பார்த்து ஒரு சராசரி போட்டேன். கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பார்க்க வேண்டியது, விற்று முடிந்தவை என்று தனியாக வடிகட்டிக் காட்டும் பட்டியலை. அதைவிடப் பெரிய தவறு, விற்பது எது என்றே தெரியாமல் 'பழைய ஏர்ஃபிக்ஸ் ஸ்பிட்ஃபயர்' என்று மட்டும் தலைப்புப் போட்டது.

பாகங்களை வார்க்கும் ஏர்ஃபிக்ஸ் அச்சுகள் பல பத்தாண்டுகள் ஓடியவை. 1981-இல் கம்பெனி நொடித்து, கைமாறிக் கைமாறி 2006-இல் ஹார்ன்பி என்ற கம்பெனியிடம் வந்த பிறகும் பழைய அச்சுகள் சில ஓடின. அதனால் வயதானது, பெரியது என்பதற்காக மட்டும் விலை ஏறிவிடாது. 1970-இல் வந்த 1/24 அளவு (நிஜ விமானத்தில் 24-இல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் பெட்டி எவ்வளவு பெரியது! திரும்பத் திரும்ப வெளியிட்டதால் அதைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இருந்தது வேறு. 1950களில் வந்த, கம்பெனியின் முதல் விமானக் கிட். 1/72 அளவு, 2 ஷில்லிங் விலை. அமெரிக்க அரோரா கம்பெனியின் ஸ்பிட்ஃபயரைப் பார்த்துச் சிறிதாக்கிச் செய்தது என்பார்கள். விமானத்தின் மேல் ஒட்டுவதற்கான அதன் ஸ்டிக்கர் தாளில் இருக்கும் பி.டி.-கே என்ற எழுத்துகளே சேகரிப்பவர்கள் நடுவில் அதன் பெயராகிவிட்டது. 1960-இல் புது அச்சு வந்தபோது எழுத்துகள் ஜே.ஈ.-ஜே என்று மாறின. மூன்று எழுத்து வித்தியாசம், விலையில் எத்தனையோ மடங்கு. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது விற்ற பிறகுதான்.

பிரிட்டனில் ஒருவர் 85 பவுண்டுக்கு வாங்கினார். பரவாயில்லையே என்று மகிழ்ந்தோம். பார்சல் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் புகார்: 'விவரித்தபடி இல்லை. பை திறக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பது வேறு கிட்.' திறந்ததை நாங்கள் மறைக்கவில்லை, விவரத்திலேயே எழுதியிருந்தோம். அதுவே அவருக்கு வசதியாகிவிட்டது. ஒருமுறை திறந்த பைக்குள் எது இருந்தது என்று யார் நிரூபிப்பது?

தளம் எங்கள் தரப்பைக் கேட்டது, கேட்டதோடு சரி. பார்சல் திரும்பியதாகக் கண்காணிப்பு எண்ணில் தெரிந்ததுமே 85 பவுண்டும் அவருக்குப் போய்விட்டது. திரும்பும் தபால் செலவும் என் தலையில்.

பார்சலைப் பிரித்ததும் மேலோட்டமாக எங்கள் பை போலவே இருந்தது. அட்டையைக் கையில் எடுத்ததும் வழவழவென்று இருந்தது. அந்தச் செம்பழுப்புக் கறை இரண்டும் அதே இடத்தில்தான் இருந்தன. கட்டை விரலால் தடவினேன், பழைய அட்டை என்றால் துரு விரலில் ஒட்டும். ஒட்டவில்லை. கறை அச்சாகியிருந்தது. பின் குத்திய ஓட்டைகளும் ஓட்டைகள் அல்ல, கறுப்புப் புள்ளிகள். கலர் ஜெராக்ஸ்! பக்கத்தில் பளபளவென்று புதுப் பின் இரண்டு. உள்ளே இருந்த ஸ்டிக்கர் தாளில் ஜே.ஈ.-ஜே.

அதன்பிறகு, அந்தச் சென்னைச் சேகரிப்பாளருக்கு அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். செய்தித்தாள் மேல், ஓரத்தில், பாதி நிழலில் பி.டி.-கே. தளத்துக்கு அனுப்பினோம். 'இந்தப் படத்தில் இருப்பதைத்தான் அனுப்பினீர்கள் என்பதற்குச் சான்று இல்லை' என்று பதில். கடுப்பாக இருந்தது. ஆனால் அவர்கள் கேட்டதும் உண்மைதான், என்னிடம் சான்று இல்லை.

இப்போது இதே வேலையை யாராவது என்னிடம் கேட்டால் இப்படித்தான் செய்யச் சொல்வேன். பையைத் திறக்காதீர்கள், எந்தச் சேகரிப்பாளர் எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும். அட்டையின் இரண்டு பக்கமும், பின் குத்திய இடமும், கறையும் தெரிய நெருக்கமாகப் படம் எடுங்கள். ஸ்டிக்கர் எழுத்துகள் பைக்கு வெளியிலிருந்தே தெரியும்படி ஒரு படம். சமையலறைத் தராசில் வைத்து எடையோடு ஒரு படம். பேக்கிங் செய்வதிலிருந்து தபால் அலுவலகத்தில் முகவரி ஒட்டுவதுவரை வெட்டாமல் ஒரே வீடியோ. மொத்தம் பதினைந்து நிமிட வேலை. திரும்பி வரும் பார்சலையும் வீடியோ ஓடவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். நான் ஆத்திரத்தில் பல்லால் டேப்பைக் கடித்துக் கிழித்தேன்.

சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. விற்றுவிட்டோம், நல்ல விலை வந்தது என்று அக்கா சொல்லி வைத்திருக்கிறாள். "பசை கிடைச்சுதாமா அவனுக்கு?" என்று மட்டும் கேட்டாராம்.

பிடுங்கிய பின்கள் இரண்டும் மாத்திரை டப்பா ஒன்றில் கிடக்கின்றன. போன வாரம் எடுத்து அந்த ஜெராக்ஸ் அட்டையின் கறுப்புப் புள்ளிகள் மேல் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது.