‘குறைந்தது ஆயிரம்’ என்ற பேச்சை நம்பி ஏமாந்தோம்

சொந்தக் காசில் இசைத்தொகுப்பு வெளியிடும் நண்பர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் குழுவில் நான்கு பேர். கச்சேரிக்கு எண்பது பேர் வந்தாலே பெரிய கூட்டம். முதல் தொகுப்புக்கு 300 சிடி போதும் என்றுதான் கணக்குப் போட்டோம். சென்னைத் தரகர் ஒருவர், “முன்னூறுக்கெல்லாம் ஆலையில் மெஷின் ஓட்ட மாட்டார்கள், குறைந்தது ஆயிரம்” என்றார். காரணமும் சொன்னார். ஆலையில் அச்சிட முதலில் கண்ணாடி மாஸ்டர் (பாட்டைப் பதித்த மூலத் தட்டு) எடுத்து, அதிலிருந்து உலோக ஸ்டாம்பர் (சிடிகளை அடிக்கும் அச்சு) செய்ய வேண்டும். நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றே. இது உண்மைதான். அதனால்தான் நம்பினோம்.

வெளியீட்டு அவசரத்தில் அட்டையின் அழகை மட்டும் பார்த்தோம். ஒன்பது மாதத்தில் 190 விற்றது. அப்போது ஒரு ரசிகர், காரில் வைத்திருந்த தட்டு கடைசிப் பாட்டில் திக்குகிறது என்று எழுதினார். ஒரு பெட்டியைப் பிரித்து, தட்டைத் திருப்பி விளக்கடியில் பிடித்தேன். அச்சடித்த சிடியின் அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருக்கும். இதிலோ இளம்பச்சைச் சாயம். சிடியில் பதிவு உள்ளிருந்து வெளியே போகும். எங்கள் பாட்டு 41 நிமிடம். பாட்டு முடியும் இடம் வரை ஒரு நிறம், அதற்கு வெளியே சற்றே வேறு நிறம், இடையில் கோடு கிழித்தாற்போல் ஒரு வட்டம். கம்ப்யூட்டரில் எழுதும் சிடி-ஆர்! அதற்கு மாஸ்டரும் தேவையில்லை, ஸ்டாம்பரும் தேவையில்லை. ஐம்பது கேட்டாலும் போட்டுத் தரலாம். எடுக்காத மாஸ்டரின் பெயரைச் சொல்லி, வேண்டாத 700 தட்டுகளை எங்கள் தலையில் கட்டிவிட்டார். வெயிலில் நிற்கும் காரின் சூட்டை அந்தச் சாயம் நெடுநாள் தாங்குவதும் இல்லை.

கேட்டதற்கு, நாங்கள் கையெழுத்துப் போட்ட கொட்டேஷனை நீட்டினார். அதில் ‘டூப்ளிகேஷன்’ என்று இருந்தது. சிடி-ஆரில் எழுதித் தருவதற்குத்தான் அந்தப் பெயர். ஆலையில் அச்சிடுவதற்குப் பெயர் ‘ரெப்ளிகேஷன்’. இந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். மாதிரித் தட்டு ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது தொகுப்புக்கு முன்பதிவு வைத்தோம். 112 பேர் பணம் கட்டினார்கள். 150 மட்டும் போட்டோம், சிடி-ஆர்தான் என்று அட்டையிலேயே அச்சிட்டு.

முதல் தொகுப்பை வாங்கியவர்களின் தட்டு திக்கினால் எழுதுங்கள், பாடல் கோப்புகளை அனுப்பிவைக்கிறோம். மீதி 810 பரணில் இருக்கிறது. அதை இனி யாருக்கும் விற்கப்போவதில்லை.