தனிக் குழியா, பொதுக் குழாயா? ஹட்டன் சரிவிலிருந்து ஓர் ஒப்பீடு

ஹட்டனை அடுத்த சரிவொன்றில் பதினான்கு குடும்பங்கள் சேர்ந்து காணி வாங்கியபோது, எல்லைக் கல் நடுவதற்கு முன்பே மலக்கழிவைப் பற்றித்தான் வாதம் எழுந்தது. வீட்டுக்கு வீடு மலக்குழியும், அதிலிருந்து வழியும் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழியும் வெட்டுவதா, எல்லா வீடுகளையும் ஒரே குழாயில் இணைத்துப் பொதுத் தாங்கியொன்றுக்குக் கொண்டுசெல்வதா என்று பல மாலைகள் பேசி, இறுதியில் பொதுக் குழாயைத் தெரிவுசெய்தோம். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

நகரம் முழுவதற்கும் ஒரே கழிவுநீர் வலையமைப்பு என்ற மூன்றாவது வழியும் உண்டு. கண்டியில் ஜப்பானியக் கடனுதவியுடன் அமைந்த வலையமைப்பு, நகரக் கழிவுநீரைக் கன்னொருவையிலுள்ள நிலையத்துக்குக் கொண்டுசென்று சுத்திகரிக்கிறது. ஹட்டனின் நிலவமைப்பு வேறு. சிங்கமலைச் சுரங்கம் துளைத்துச் செல்லும் முகட்டுக்கு ஒரு பக்கத்து நீர் காசல்ரீ நீர்த்தேக்கம் வழியாகக் களனி ஆற்றுக்கும், மறுபக்கத்து நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலி ஆற்றுக்கும் போகிறது. இரு பக்கத்தையும் ஒரே நிலையத்தில் சேர்க்க வேண்டுமானால் ஒரு பக்கத்துக் கழிவை மேலே ஏற்றி இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்கட்டணத்தை எண்ணியே அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

தனிக் குழிக்குத் தொடக்கச் செலவு குறைவு, அயலாருடன் பிணக்கும் இல்லை. ஆனால் ஏழு பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர் மட்டுமே. வீடு, படிக்கட்டு, தாங்குசுவர் எல்லாம் போக எஞ்சும் இடத்தில் உறிஞ்சு குழி வெட்டினால், அங்கு இறங்கும் நீர் கீழ்வீட்டுக்காரர் சரிவை வெட்டிய மண்சுவரில் கசியும். நீர் ஊறி மண்ணின் பிடிப்புத் தளர்வதே சரிவுகளுக்குப் பெரும் ஆபத்து. 2014இல் மீரியபெத்தை மண்சரிவைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இருந்தும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது குழியைக் காலியாக்கும் வேலைதான். மலக்குழியைச் சில ஆண்டுகளுக்கொரு முறையேனும் காலியாக்க வேண்டும். குளிரில் கழிவு மெதுவாகவே சிதைவதால் மலைநாட்டில் சேறு விரைவாகச் சேர்கிறது. நான் முன்பு வாடகைக்கு இருந்த வீடு வீதியிலிருந்து நாற்பது படிகள் கீழே இருந்தது. குழி நிரம்பியதும் வந்த, கழிவை உறிஞ்சும் பவுசர் வண்டி வீதியில் நின்றது, குழாயையும் கீழே இறக்கினார்கள், இயந்திரமும் இரைந்தது. மேலே ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் இருவர் வாளியால் அள்ளிச் சுமந்தார்கள். அந்த வெட்கம் இன்னும் எனக்கு இருக்கிறது. பூரண வெற்றிடம்கூடக் கடல்மட்டத்தில் நீரைச் சுமார் 10 மீற்றருக்கு மேல் உயர்த்தாது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அந்த எல்லை 8 மீற்றரளவுக்குக் குறைந்துவிடும். நீரைவிடக் கனமான சேற்றை, தேய்ந்த இயந்திரத்தால் இழுக்கும்போது இன்னும் குறையும். வீதிக்குக் கீழே கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் காத்திருக்கும் சிக்கல் இது.

மலைவீதி வளைந்து வளைந்து இறங்குவதால், எங்கள் காணியின் அடியில் அதே வீதியின் கீழ்வளைவு வருகிறது. பொதுத் தாங்கியை அங்கே வைத்தோம். கழிவு தானாகவே இறங்குகிறது. பவுசர் பக்கத்தில் நின்று நேராக உறிஞ்சுகிறது. குழாய் திரும்பும் இடமெல்லாம் மூடி திறந்து பார்க்கக்கூடிய குழி இருப்பதால், அடைப்பு எந்த வீட்டினுடையது என்ற சண்டை பெரும்பாலும் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

நான்கு ஆண்டுகளில் தாங்கியை இருமுறைதான் காலியாக்கியிருக்கிறோம் என்பதால், அதற்கடுத்த சரளைக்கல் வடிகட்டி பத்தாண்டு தாங்கும் என்று என்னால் உறுதிகூற முடியாது. மாதப்பணம் தராத வீடும் ஒன்று உண்டு. அதன் இணைப்பைத் துண்டித்தால் நாற்றம் எங்களுக்கே என்பதால் பொறுத்துக்கொள்கிறோம். இரண்டு மூன்று வீடுகளே உள்ள இடத்தில், அதுவும் வீதிக்கு மேற்புறமாக இருந்தால், தனிக் குழியே போதும்.

வலயத் திட்டம் வரைபவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: எல்லையை வீதியை வைத்து வரையாமல் நீர் இறங்கும் திசையை வைத்து வரைந்து, காணித் துண்டாடலுக்கு அனுமதி தரும்போதே கீழ்வளைவில் தாங்கிக்கான இடத்தை ஒதுக்க வேண்டும். எங்களுக்கு அடுத்த சரிவில் இப்போது இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள் விற்பனையாகின்றன. வீதியோரக் கடைக்கு நல்ல விலை என்பதால், கீழ்வளைவுத் துண்டுதான் அங்கே முதலில் போனது.