கேமலாட் சி4: கிராண்ட் டீட்டன் ஏற ஐந்து போதும்

அப்பர் எக்ஸம் ரிட்ஜ் என்ற பாறை முகட்டு வழியாக அமெரிக்காவின் வயோமிங்கில் உள்ள கிராண்ட் டீட்டன் மலையில் ஏறப்போகிறவர் பிளாக் டைமண்ட் நிறுவனத்தின் கேமலாட் சி4 கேம்களின் முழு செட்டையும் தூக்கிப் போகத் தேவையில்லை. கேம் என்பது பாறை விரிசலுக்குள் சுருக்கி வைத்தால் விரிந்து பிடித்து, கயிற்றில் விழுபவரைத் தாங்கும் கருவி; சுவரைத் தொடும் அதன் வளைந்த தகடுகள்தான் லோப். 0.4, 0.5, 0.75, 1, 2 ஆகிய ஐந்து அளவுகளில் தலா ஒன்று, கூடவே நடுத்தர அளவில் ஆறேழு நட் (விரிசல் குறுகும் இடத்தில் சிக்கவைக்கும் உலோகக் கட்டை). பாறையில் இந்த வழிக்கு இது போதும். ஐந்து கேமும் சேர்ந்து ஏறக்குறைய 540 கிராம். 3-ஆம் எண்ணைச் சேர்த்தால் இன்னொரு 180 கிராம், 4-ஆம் எண்ணையும் சேர்த்தால் அதற்கு மேல் கால் கிலோ கூடும். லூப்பின் மெடோஸில் ஏறக்குறைய 2,050 மீட்டரில் நடக்கத் தொடங்கி 4,199 மீட்டர் உச்சிவரை அத்தனையையும் சுமக்க வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு முக்கியம்.

சி4-இன் இப்போதைய வடிவம் 2019-இல் வந்தது. முந்தையதைவிடச் சுமார் பத்து சதவீதம் எடை குறைவு. லோப்களைச் சுருக்க விரலால் இழுக்கும் விசைப்பட்டை அகலமாகியிருக்கிறது. பெரிய அளவுகளில் லோப்களைச் சுருக்கிப் பூட்டிவைக்க ஒரு கொக்கி சேர்த்திருக்கிறார்கள். நம் ஐந்தில் அது கிடையாது, தேவையும் இல்லை. பழைய சி4 நல்ல நிலையில் கையில் இருந்தால் எடைக்காக மட்டும் மாற்ற வேண்டாம் என்பது என் முடிவு. ஐந்து கேமில் மிச்சமாகும் எடை ஒரு மடக்குத் தண்ணீர் அளவுதான்.

இந்தக் கேமின் உண்மையான பலம் லோப்கள் சுழலும் இரட்டை அச்சு. ஒற்றை அச்சுக் கேமைவிட லோப்கள் அதிகம் விரியும், அதிகம் சுருங்கும். 1-ஆம் எண் 30.2 மில்லிமீட்டரிலிருந்து 52.1 வரை பிடிக்கும். 0.4-இல் தொடங்கி 2-இல் முடிக்கும்போது 15.5 மில்லிமீட்டர் முதல் 64.9 வரை இடைவெளியே இல்லாமல் ஐந்து கேம் போதுமானதாகிறது. அடுத்தடுத்த அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதும் பெரிய உதவி. 40 மில்லிமீட்டர் விரிசல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 0.75, 1, 2 மூன்றுமே அதற்குள் போகும். ஆனால் 0.75 கடைசிவரை விரிந்து நுனியில் தொற்றிக்கொண்டிருக்கும். கயிறு சற்று அசைந்தாலே நழுவும். 2 முழுக்கச் சுருங்கி நிற்கும். பிடிக்கும், ஆனால் பின்னால் வருபவரால் கழற்ற முடியாது. நடுவில் நிற்கும் 1-தான் சரி. லோப்கள் பாதி முதல் முக்கால்வரை சுருங்கிய நிலையில் உட்கார வேண்டும் என்பதைக் கண் பழகும்வரை வீட்டுப் பக்கத்துப் பாறையில் வைத்துப் பாருங்கள்; மலையில் போய்ப் பழக நேரம் இருக்காது.

கேம் எப்படிப் பிடிக்கிறது என்று புரிந்தால் எங்கே பிடிக்காது என்பதும் தானாகப் புரியும். கேமலாட்டின் லோப் வளைவு 14.5 பாகைக் கோணத்தில் அமைந்தது. கீழ்நோக்கி இழுக்கும் விசையை அது இரு பக்கச் சுவர்களின் மேலும் திருப்பிவிடுகிறது, ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 1.9 மடங்காக. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வே கேமை நிறுத்துகிறது. உராய்வுக் கெழு 0.26-க்குக் கீழே போனால் நிற்காது, வழுக்கி வெளியே வரும். காய்ந்த கிரானைட்டில் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம். பனிக்கட்டி படிந்த விரிசலில் புத்தம்புதுக் கேமும் நம்பத்தக்கதல்ல. எக்ஸம் வழியில் விண்ட் டனல் என்ற குடைவில் காலை நேரத்தில் பல நாள் பனிக்கட்டி இருக்கும். அங்கே விரிசல் குறுகும் இடம் பார்த்து நட் போடுங்கள். நட் உராய்வை மட்டும் நம்பி நிற்பதில்லை, வடிவத்தால் சிக்கி நிற்கிறது.

அதே கணக்குதான் தளர்ந்த பாறைத் தகடுகளுக்கும். தகட்டுக்குப் பின்னால் கேம் வைத்து விழுந்தால், விழுந்த விசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அந்தத் தகட்டை வெளியே நெம்பும். கையால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்டால் அங்கே கேம் வைக்காதீர்கள். 1, 2 போன்ற அளவுகள் 12 கிலோநியூட்டன்வரை தாங்கும் என்று முத்திரை குத்தியிருக்கிறது, அதாவது ஒரு டன்னுக்கு மேல். கேம் உடைவது அபூர்வம். பாறை உடைவதும், கேம் நகர்ந்து வெளியே வருவதும்தான் வழக்கம்.

இனி வழி. 1931 ஜூலை 15 அன்று க்ளென் எக்ஸம் தனியாக, கயிறில்லாமல், வால் ஸ்ட்ரீட் என்னும் பாறைத் திண்டின் முனையில் இருந்த இடைவெளியைத் தாவி இந்த வழியைத் திறந்தார். இரவல் வாங்கிய கால்பந்துக் காலணி, அதுவும் பெரிய அளவு. இன்று அதே இடத்தில் கயிறு கட்டி, அடி வைத்துக் கடக்கிறோம். திண்டு அகலமாகத் தொடங்கி, ரிட்ஜைத் தொடும் முன்பே அறுந்துபோகிறது. கீழே பெரிய வெறுமை. கடப்பதற்கு முன் ஒரு கேம், கடந்தவுடனே இன்னொன்று. இரண்டாவதை விட்டுவிட்டால் முன்னால் போனவருக்கு ஒன்றும் ஆகாது, பின்னால் வருபவர் ஊசலாடி விழுவார். கடந்ததும் அங்கேயே நின்று பிலே கொடுங்கள், அதாவது பின்னால் வருபவரின் கயிற்றைப் பிடித்துக் காத்துக்கொள்ளுங்கள். மேலே போய்விட்டால் கயிறு முனையில் உரசி இழுக்கவே வராது, பேசுவதும் கேட்காது.

அடுத்தது கோல்டன் ஸ்டேர். முண்டு முண்டாகப் பிடிகள் நிறைந்த செங்குத்தான பாறை, ஏற இன்பமான இடம். அதற்குப் பிறகு விண்ட் டனல், பின்னர் எளிதான பாறைகள். பலரும் அங்கே ஒரே கயிற்றில் சேர்ந்து நகர்கிறார்கள். இருவருக்கும் இடையே எப்போதும் இரண்டு கேமாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஃப்ரிக்‌ஷன் பிட்ச்தான் இந்த வழியின் கடினமான பகுதி, அமெரிக்க அளவுகோலில் 5.5 தரம் (பிட்ச் என்பது ஒரு கயிறு நீளத்துக்குள் ஏறும் பகுதி). இங்கே எத்தனை கேம் வைத்திருந்தாலும் பயன் குறைவு, ஏனென்றால் விரிசல் அரிது. பன்னிரண்டு கேம் கொண்டுவந்தவரும் ஐந்து கொண்டுவந்தவரும் இங்கே ஒன்றுதான். கிடைக்கும் முதல் நல்ல விரிசலில் வையுங்கள், பிறகு காலை நம்பி ஏறுங்கள். அதற்கு மேலே வி பிட்ச்: திறந்த புத்தகம் போன்ற மூலை, விரிசல் தாராளம். ஐந்தும் அழகாக உட்காரும்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீட்டனில் கோடை மதியங்களில் இடி மின்னல் வழக்கம். 2003 ஜூலையில் ஃப்ரிக்‌ஷன் பிட்ச் பகுதியில் மின்னல் தாக்கி ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். 2010 ஜூலையிலும் இதே மலையில் மின்னல் ஓர் உயிரைக் கொண்டுபோனது. கேமுக்காகச் செலவழிக்கும் பணத்தின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. சரியான நட்டைத் தேடிப் பொருத்த ஒரு நிமிடம் ஆகுமென்றால் கேம் சில நொடியில் உட்காரும். சி4-இன் கட்டைவிரல் வளையம் இதில் ரொம்பவே உதவுகிறது: விடியற்காலைக் குளிரில் கையுறையோடு பிடித்து இழுக்கலாம். லோப்களிலும், கயிற்றை மாட்டும் நாடா வளையமான ஸ்லிங்கிலும் நிறக்குறி இருப்பதால் எண்ணைப் படிக்க வேண்டியதில்லை. ஊதா, பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று கை தானாகப் போகும்.

குறை ஒன்று உண்டு, அதுவும் இப்படிப்பட்ட வழிக்குப் பெரிய குறை. சி4-இன் ஸ்லிங் நீளாது. ரிட்ஜ் வழி வளைந்து வளைந்து போகும். கயிறு ஆட ஆட, நேராக மாட்டிய கேமும் கூடவே ஆடும், ஆடிக்கொண்டே விரிசலின் உள்ளே நடந்துபோகும். அகன்ற இடத்தை அடைந்தால் விரிந்து பயனற்றதாகும், இல்லையென்றால் கை எட்டாத ஆழத்தில் சிக்கும். அதனால் ஒவ்வொரு கேமுக்கும் 60 சென்டிமீட்டர் ஸ்லிங் ஒன்றைத் தனியாகக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. வைல்ட் கன்ட்ரி நிறுவனத்தின் ஃப்ரெண்ட் என்ற கேமில் ஸ்லிங்கே இரட்டிப்பாக நீளும், கட்டைவிரல் வளையமும் உண்டு, இரட்டை அச்சும் உண்டு. புதிதாக வாங்குபவர் இந்த வழியை மட்டும் நினைத்தால் ஃப்ரெண்டைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். டிஎம்எம் நிறுவனத்தின் டிராகன் கேமிலும் ஸ்லிங் நீளும், ஆனால் வளையம் இல்லை. கையுறையோடு பிடிக்கச் சிரமம். வாய் விரிந்த விரிசல்களில் டோட்டம் கேம் இவை எல்லாவற்றையும்விட நன்றாகப் பிடிக்கும் என்றாலும் விலை அதிகம், எக்ஸமில் அந்த அளவு தேவைப்படாது.

சி4 அல்ட்ராலைட் இன்னும் எடை குறைவு. ஆனால் அதன் தண்டுக்குள் கம்பிவடத்துக்குப் பதிலாக டைனீமா என்ற செயற்கை இழை ஓடுகிறது. இழைக்கு வயது உண்டு, அதை மட்டும் மாற்றவும் முடியாது. வாரந்தோறும் பாறைக்குப் போகிறவருக்குச் சாதாரண சி4 நீண்டகாலச் சிக்கனம்.

சிக்கிய கேமை எடுக்கும்போது பதறி இழுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. முதலில் விசைப்பட்டையை முழுக்க இழுத்து, கேமைச் சற்று உள்ளே தள்ளிப் பாருங்கள்; போன வழியே திரும்ப வரும். விசைப்பட்டை எட்டாவிட்டால் நட் கருவியின் கொக்கியால் விசைப்பட்டையின் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் லோப்கள் கோணிக்கொண்டு மேலும் இறுகும், பட்டையையும் லோப்களையும் இணைக்கும் மெல்லிய விசைக்கம்பியும் மடங்கும்.

பழைய கேம் வாங்குவதாக இருந்தால் முதலில் அந்த விசைக்கம்பியைப் பாருங்கள். இழை பிரிந்திருந்தால் மாற்றலாம், விலையைக் குறைத்துக் கேட்கலாம். லோப்பில் தட்டையான தேய்மானமோ, அச்சில் வளைவோ, தண்டில் நிரந்தர மடிப்போ இருந்தால் வேண்டாம். ஸ்லிங்கில் உள்ள சீட்டில் தயாரிப்பு ஆண்டு இருக்கும். பத்து ஆண்டு தாண்டியிருந்தால் ஸ்லிங் மாற்றாமல் பயன்படுத்தக் கூடாது. லோப்கள் மெதுவாகத் திரும்பினால் பெரும்பாலும் மண்தான் காரணம்: வெந்நீரில் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக உலரவிட்டு, அச்சில் மட்டும் உலர்வகை மசகு போடுங்கள். சமையல் எண்ணெயோ கிரீஸோ போட்டால் தூசி ஒட்டி, அடுத்த பயணத்துக்குள் முன்பைவிட மோசமாகும். ஸ்லிங்கில் ஒரு சொட்டும் படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.