மும்மொழித் திரைக்கு ஃபிக்மா: மொரிசியஸ் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு மதிப்புரை

எபென் சைபர்சிட்டியில் இடைமுக வடிவமைப்பு வேலைக்குச் சேருகிறவர் காலையில் முதலில் திறப்பது பெரும்பாலும் ஃபிக்மா என்ற திரை வடிவமைப்புக் கருவியைத்தான். பிரெஞ்சு, ஆங்கிலத் திரைகளுக்கு இதைவிட வசதியான கருவி இப்போது இல்லை என்பது என் கணிப்பு. தமிழும் சேர்ந்துவிட்டால் மட்டும், அது காட்டுகிற படத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

முதலில் அதன் பலம். 2023இல் வந்த வேரியபிள்கள், அதாவது ஒரு மதிப்புக்குப் பெயரிட்டுப் பல இடங்களில் பயன்படுத்தும் வசதி, மும்மொழி வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டன. ஒரு வேரியபிள் தொகுப்பில் பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் என மூன்று மோடு (ஒரே வேரியபிளுக்கு மாற்று மதிப்புகள்) வைத்துக்கொண்டு, பட்டன், தலைப்பு, பிழைச்செய்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்ட்ரிங் (எழுத்து) வேரியபிள் கொடுங்கள். எழுத்துருவின் பெயர், அளவு, வரி உயரம் ஆகியவற்றையும் இதேபோல் வேரியபிளில் கட்டலாம். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தமிழ் மோடில் நோட்டோ சான்ஸ் தமிழ், 16 அளவுக்கு வரி உயரம் 26. மற்ற இரண்டிலும் இன்டர், 16க்கு 22. மோடை மாற்றினால் திரை முழுவதும் சேர்ந்து மாறும். எங்கே இடிக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். 'லாகின்' இருந்த நிலையான அகலப் பட்டனுக்குள் 'உள்நுழைக' அடங்காது. பெட்டியின் அளவைத் தானே சரிசெய்யும் ஆட்டோ லேஅவுட்டில் அகலத்தை 'ஹக்' (உள்ளிருக்கும் எழுத்துக்கேற்ப விரிவது) என வைத்து, இருபுறமும் 16 இடைவெளி, குறைந்தபட்ச உயரம் 48 கொடுத்தால் மூன்று மொழியும் நிற்கும்.

சிறு தலைப்புகளைப் பெரிய எழுத்தில் போட்டுத் தனித்துக் காட்டும் ஆங்கிலப் பழக்கம் தமிழில் செல்லாது. அந்த வேறுபாட்டை எழுத்தின் தடிமனாலும் நிறத்தாலும்தான் கொண்டுவர வேண்டும். எழுத்தின் அளவில் 14க்குக் கீழே போகாதீர்கள். ண, ன சுழிகள் அடைத்துக்கொண்டு ஒன்றுபோலத் தெரியும்.

இனி குறைகள். இன்டர் எழுத்துருவில் தமிழே இல்லை. அதில் தமிழைத் தட்டினால் ஃபிக்மா ஒன்றும் சொல்லாமல் மாற்று எழுத்துருவால் நிரப்பிவிடும். பார்க்க அழகாகவே இருக்கும். நிரலாளரும் எழுத்துருவைத் தனியாகக் குறிப்பிடாவிட்டால், விண்டோஸ் நிர்மலா யூஐயையும் ஐபோன் தமிழ் சங்கம் எம்என்னையும் ஆண்ட்ராய்டு நோட்டோவையும் எடுத்துக்கொள்ளும். மூன்றின் அகலமும் வேறு வேறு. ஒன்றில் ஒரே வரியில் நின்ற தலைப்பு இன்னொன்றில் மடிந்து, கீழே உள்ள பட்டனைத் திரைக்கு வெளியே தள்ளும்.

அடுத்தது இன்னும் மோசம். ஃபிக்மாவின் எழுத்துப் பெட்டி, தன் எல்லையைத் தாண்டும் எழுத்தை வெட்டுவதில்லை. காவடிப் பதிவுப் பக்கத்தில் 'தைப்பூசம்' என்ற தலைப்பை, ஆங்கிலத் தலைப்புகளுக்குச் செய்வதுபோல 28 அளவில் 28 வரி உயரத்தில் வைத்துப் பாருங்கள். 'பூ'வின் கால் பெட்டிக்குக் கீழே தொங்கும், ஆனாலும் முழுசாகத் தெரியும். அதே 28ஐ நிலையான உயரமாக்கி, மிகுவதை மறைக்கும்படி எழுதிய நிரலில் அந்தக் கால் வெட்டுப்பட்டுப் போகும். குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டுவதே அந்தக் கால்தான். கோயில் பக்கத்தில் விழாவின் பெயரே சிதைந்து நிற்பதை யாரும் மன்னிக்க மாட்டார்கள். தமிழ்த் தலைப்புக்கு 28க்கு 40 வையுங்கள்.

ஃபிக்மாவின் கைபேசிச் செயலியில் முன்னோட்டம் பார்த்தால் இந்தக் கோளாறு பிடிபடாது. அங்கும் எழுத்தை வரைவது ஃபிக்மாதான், கைபேசி அல்ல. சந்தேகமான சொற்களை ஒரு சாதாரண வலைப்பக்கத்தில் போட்டு, விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஒன்றிலும் ஐபோன் ஒன்றிலும் திறந்து பார்ப்பதே சரியான சோதனை. பக்கத்தின் மொழி தமிழ் என நிரலில் குறித்திருக்கிறதா, எழுத்துரு வரிசையில் நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறதா என்பதை, நிரலாளர் வடிவமைப்பைப் பார்க்கும் டெவ் மோடில் ஒரு குறிப்பாகவே எழுதிவிடுங்கள். அளவுகளை நிரலாளர் நகலெடுப்பார். எழுதாததை ஊகிக்க மாட்டார்.

மொழிபெயர்ப்பாளரின் வேர்ட் கோப்பு, யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் வந்தால், ஒட்டியதும் ரோமன் எழுத்துக் குப்பையாக விழும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.

மொழித் தேர்வுப் பட்டியலில் எந்த மொழி முன்னால் வரவேண்டும் என்பதை வாடிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1998இல் ரூபாய் நோட்டில் தமிழுக்கு மேலே இந்தி வந்தபோது எழுந்த எதிர்ப்பில், அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியிருந்த நாடு இது.

கோப்பு பெரிதானால் வேகம் குறையும். ஒரு தாவலுக்கு நினைவக எல்லை உண்டு. பெரிய புகைப்படங்களைச் சுருக்கிப் போடுங்கள், பழைய வரைவுகளை வேறு கோப்புக்கு மாற்றுங்கள். புயல் மாதங்களில் மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வருவதற்கு முன்பே தேவையான கோப்புகளைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் கோப்பில் இணையம் அறுந்தாலும் வேலையைத் தொடரலாம், இணைப்பு வந்ததும் மாற்றங்கள் ஏறிவிடும். திறக்காத கோப்பை நம்ப முடியாது. முக்கியமானவற்றுக்கு மடிக்கணினியில் ஒரு உள்ளூர் நகலும் இருக்கட்டும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, ஒரே மொழியில் தனியாக வேலை செய்பவருக்கு இலவசத் திட்டமே போதும். அதில் ஒரு தொகுப்புக்கு ஒரே மோடுதான். மூன்று மொழிக்கு மூன்று மோடு வேண்டுமென்றால் கட்டணத் திட்டம் தவிர்க்க முடியாதது. அந்தச் செலவை விலைப்புள்ளியிலேயே சேர்த்துவிடுங்கள்.