தரைத்தளத்திலேயே பிரெய்லி: அண்ணா நூற்றாண்டு நூலகம்

பார்வையில்லாத எனக்கு லீவு நாளில் எங்கே போவது என்பதே பெரிய பாடு. சினிமாவுக்குப் போனால் பக்கத்து சீட்டில் தம்பி கதை சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு ஓட்டலில் மெனுவை வாசிக்கச் சொன்னதற்கு, "கூட யாரும் வரலையா சார்?" என்றார்கள்.

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் அப்படியில்லை. 2010-இல் திறந்த இந்தப் பெரிய கட்டடத்தில் பிரெய்லி (விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து) பிரிவு தரைத்தளத்திலேயே இருக்கிறது. லிஃப்ட் பட்டனைத் தடவ வேண்டியதில்லை. புத்தகம் ஒவ்வொன்றும் தலையணை கனம். நிறையப் பேர் தடவிய பக்கத்தில் புள்ளிகள் கொஞ்சம் அமுங்கியிருக்கும், அங்கே விரல் தயங்கும். அப்புறம் பழகிவிடும். குளிர்சாதனம் மட்டும் ரொம்ப ஜில்! விரல் மரத்துவிட்டால் எழுத்தே மங்கிப்போகிறது, எனவே முழுக்கைச் சட்டை போட்டுப் போங்கள்.