காங்கேசன்துறையிலிருந்து பலாலிக்கு, பெட்டிகளோடு

சிதம்பரத்தில் ஒருமுறை கும்பிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. 2023 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் தமிழ்நாட்டு நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் தொடங்கிய செய்தி கேட்டதுமே, "தம்பி, இனி நான் கடலாலயே போவன்" என்று தொலைபேசியில் சொன்னார். ஏறக்குறைய 110 கிலோமீற்றர், நாலு மணி நேரம். நாகபட்டினத்தில் இறங்கினால் சிதம்பரம் கிட்ட.

இம்முறை சியாட்டிலிலிருந்து போய் அவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். துறைமுக வாசலில் நின்றபோதுதான் கப்பல் இல்லை என்று தெரிந்தது. கடல் கொந்தளிப்பை யார் நோவது? ஆனால் பயணச்சீட்டு எடுத்துத் தந்த முகவருக்கு முதல்நாள் மாலையே விஷயம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எண்பது வயதுப் பெண்ணை வெயிலில் காக்க வைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பலாலி அங்கிருந்து கிட்டத்தான். 2019 இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, சென்னைக்கு விமானம் உண்டு. மறுநாளைக்கு இடம் கிடைத்தது. அங்கே உள்ளே கூட்டிப்போன பிள்ளைகள் அம்மாவைச் சக்கர நாற்காலியில் இருத்தி, தமிழில் கதைத்துக் கதைத்தே எல்லாம் முடித்துத் தந்தார்கள். நன்றி சொல்லவே வேண்டும். ஆனால் கப்பலுக்கு ஒரு நிறைக்கணக்கு, விமானத்துக்கு வேறு. இரண்டு பெட்டிகளை அக்கா வீட்டில் விட்டோம். சென்னையில் இறங்கித் தெற்கே திரும்ப நாள் முழுக்க வாகன ஓட்டம்.

நான் இருக்கும் சியாட்டிலில் துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் ஒரே பொது அமைப்புத்தான் நடத்துகிறது. 1911 இல் மக்கள் வாக்களித்து உருவாக்கியது, அதன் ஆணையாளர்கள் ஐவரையும் இன்றும் மக்களே தெரிவு செய்கிறார்கள். உல்லாசக் கப்பலில் வந்திறங்குவோரின் பெட்டியை விமானத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் இலவச ஏற்பாடும் அங்கே உண்டு. இலங்கையில் துறைமுக அதிகார சபை தனி, விமான நிலையங்களைப் பார்ப்பது வேறொரு அரச நிறுவனம். அவற்றை இணைக்கச் சொல்லவில்லை. கப்பல் நின்றால் பயணியின் கைபேசிக்கு நேரே ஒரு குறுஞ்செய்தி, அன்றே பலாலிக்கு ஒரு பேருந்து, அவ்வளவு போதும். 1990 இல் போரால், காங்கேசன்துறையும் பலாலியும் இருக்கும் இந்த வலிகாமம் வடக்கை விட்டு ஓடிய குடும்பம் எங்களது. அதே மண்ணில் ஒரு துறைமுகமும் ஒரு விமான நிலையமும் இயங்குவதைப் பார்க்க நெஞ்சு நிறைகிறது, அதனால்தான் இவ்வளவும் கேட்கிறேன்.

திரும்பும்போது கப்பல் ஓடியது. காங்கேசன்துறைக் கரை தெரியும்வரை அம்மா யன்னலை விட்டு நகரவில்லை.