கைப்பிள்ளையோடு ஷார்ஜாவா, கருங்கல்லா?

என் சித்தி மகள் கேட்ட கேள்வி இது. மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை, பிள்ளைக்கு எட்டு மாதம். "அக்கா, நானும் பிள்ளையும் அங்கே போகவா, இல்ல நம்ம ஊர் கருங்கல்லில் மாமி வீட்டிலேயே இருக்கவா?" என்றாள். குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி எழாத தெருவே குறைவு. நான் இரண்டையும் பார்த்தவள். மூத்தவனை ஷார்ஜாவில் வளர்த்தேன், இளையவளை ஊரில்.

எல்லாரும் முதலில் காசுக் கணக்குப் போடுவார்கள். மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம், இல்லையென்றால் 3,000 திர்ஹாமும் கம்பெனி வீடும் இருந்தால் குடும்பத்துக்கு விசா எடுக்கலாம், 2019 முதல் அங்கே அதுதான் விதி. விசா கிடைப்பது வேறு, வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டி மாதத்தை ஓட்டுவது வேறு. அது முடியாதவர்களுக்குத் தேர்ந்தெடுக்கவே ஒன்றும் இல்லை. முடிகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவாய்?

ஊரில் அதற்குப் பதில் தயாராக இருக்கிறது என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. இளையவள் பிறந்தபோது குளிப்பாட்ட ஆள், பேறுகால மருந்து கிண்ட ஆள், தூக்கி வைத்துக்கொள்ள நாலு வீடு, எதற்கும் குறைவில்லை. தவழ ஆரம்பித்த பிறகு அவள் எந்த வீட்டில் கஞ்சி குடித்தாள் என்று நான் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் எனக்கு? கணவன் வெளிநாட்டில் இருக்கிற பெண் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளியே போனால் கேள்வி, சிரித்துப் பேசினால் கேள்வி. பிள்ளைக்கு ஊர் முழுக்கச் சொந்தம் இருந்தது, அம்மா வாசல் கேட்டைத் தாண்டாமல் இருந்தாள். சுய உதவிக் குழுவில் சேர்ந்து, வாரம் ஒருநாள் என் வயதுப் பெண்களோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்த பிறகுதான் மூச்சு வந்தது. அப்புறம், அப்பா. லீவில் வந்தவரைப் பார்த்ததும் இளையவள் மாமியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள், மேஜைமேல் இருந்த போனைக் காட்டி "அப்பா" என்றாள். அவர் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

ஷார்ஜாவில் இதற்கு நேர்மாறு. அப்பா தினமும் வீட்டுக்கு வருவார், பிள்ளை வாசலுக்கு ஓடும். அதை எந்தக் காசாலும் ஈடுகட்ட முடியாது. ஆனால் பகல் முழுவதும் ஏசி சத்தமும் நீயும்தான். அம்மா 60 நாள் விசிட் விசாவில் வந்து போன பிறகு வந்த முதல் வாரம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமான வாரம்.

அங்கே துணைக்கு மூன்று வழி உண்டு. போன் முதலாவது. மனசுக்கு நல்லது, அவசரத்துக்கு உதவாது. அங்கே இரண்டு மணி என்றால் இங்கே மூன்றரை, அம்மாவை எழுப்பினால் அவளும் சேர்ந்து அழுவாள், அவ்வளவுதான்.

இரண்டாவது சபை, சங்கம், கோயில். ஷார்ஜாவின் யார்மூக் பகுதியில் தேவாலயங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு 2022 அக்டோபரிலிருந்து துபாயின் ஜெபல் அலியில் பெரிய கோயில் இருக்கிறது. தமிழில் ஜெபம் கேட்ட முதல் நாள் நான் தேம்பி அழுதேன். ஆனால் அது வாரம் ஒருநாள் கூட்டம். அதோடு, நம்முடைய குமரிப் பேச்சைக் கேட்டு "நீங்க மலையாளியா?" என்று தமிழர்களே கேட்பார்கள். கேட்பவர்கள் சாதாரணமாகத்தான் கேட்கிறார்கள், ஆனாலும் வலிக்கும்.

மூன்றாவது, எதிர் ஃபிளாட். என்னைக் காப்பாற்றியது அதுதான். அங்கே இருந்தது கேரள எல்லையிலுள்ள பாறசாலைக்காரி ஒரு சேச்சி. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் எல்லாரும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தானே, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இரண்டு வீட்டிலும் ஒரே ருசி. மூத்தவனுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கிப்போட்டபோது என் கணவருக்கு நைட் ஷிஃப்ட். நான் கதவைத் தட்டினேன். சேச்சி நைட்டியோடு, ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் தன் கணவர் செருப்புமாக ஓடி வந்து, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு 998-ஐ அடித்து மலையாளமும் இந்தியுமாக முகவரி சொன்னார்.

ஆனால் அன்றைக்கும் நான் அந்தக் கட்டிடத்தில் ஒட்டவில்லை. நன்றிக்கடன்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து சேச்சி என் கதவைத் தட்டி, "மோளே, எனக்கு ஆஸ்பத்திரி போகணும், குஞ்ஞை ரெண்டு மணிக்கூர் பாத்துக்கோ" என்று தன் பிள்ளையை என் இடுப்பில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் அது என் வீடாச்சு. ஒருத்திக்கு நான் தேவைப்பட்டேன்.

அதனால் சித்தி மகளிடம் போ என்றுதான் சொன்னேன். மாப்பிள்ளைக்குச் சம்பளம் இருக்கிறது, அவள் மாமி வீட்டுக்குள் வாடுவதையும் பார்க்கிறேன். ஆனால் வாடகை குறைவு என்று ஆள் பழக்கமில்லாத புதுப்பகுதியில் பெரிய வீடு பார்க்காதே, ஒற்றை அறையானாலும் குடும்பங்கள் இருக்கிற பழைய கட்டிடமாகப் பார் என்றேன். ஊரிலேயே இருக்க முடிவு செய்திருந்தால், வீட்டுக்கு வெளியே உனக்கென்று ஒரு குழுவைப் பிடி, மாமி முகம் சுளித்தாலும் போ என்று சொல்லியிருப்பேன்.

போன வாரம் பெட்டி கட்டினோம். எடை கூடிவிடும் என்று ஏத்தங்காய் சிப்ஸை எடுத்து வெளியே வைத்தாள். நான் இரண்டு பாக்கெட்டைத் திரும்ப உள்ளே வைத்தேன், ஒன்று எதிர் வீட்டுக்கு, ஒன்று மேல் வீட்டுக்கு.